உப்புக்காற்றில் ஒரு கோர் டூ டுவோ

ஆறுமுகநேரியில் ஒரு கம்ப்யூட்டர் சாக வேண்டுமென்றால் அதற்கு அமெரிக்காவிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை. கிழக்கே கடல், சுற்றிலும் உப்பளம். கடற்காற்று திரும்பிவிட்டால் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தே ரசத்துக்கு உப்பு சரிபார்க்கலாம். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு சர்க்யூட் போர்டில் போய் உட்காரும். செம்புக்குப் பச்சை பிடிக்கும். ஒரு நாள் காலையில் மெஷின் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். இதற்கு ஊர் வைத்தியம் ஒன்று உண்டு. ராமைக் கழற்றி, பொன்னிறத்தில் பல்வரிசை மாதிரித் தெரியும் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் நன்றாகத் தேய்த்து மறுபடி செருக வேண்டும். எங்கள் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடைக்காரர்கள் தங்களை அறியாமலே ஹார்டுவேர் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது என்ற செய்தி வந்தபோது எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவன்தான் பதறினான். அவனும் பெங்களூரில் இருந்தான்.

அக்கா மகன். ஐ.டி.யில் வேலை. “மாமா, பதினொண்ணுக்கு மாறிருங்க. இல்லன்னா பேங்க்ல உள்ள பணத்தை உருவிருவான்” என்றான். என் பென்ஷன் எவ்வளவு என்று அறிந்தவர்கள் இதைக் கேட்டால், உருவ வருகிறவனுக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பச் சொல்வார்கள்.

என் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோர் டூ டுவோ பிராசசர், 2 ஜி.பி. ராம், 32 பிட் விண்டோஸ் 10. உப்புக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது சின்னச் சின்னக் குத்தகைக்கு அளம் எடுத்திருப்பவர்கள் மாலையில் வீட்டுக்கு வந்து, எத்தனை டன் ஏறியது, எந்த லாரி, எவ்வளவு பாக்கி என்று சொல்வார்கள். நான் ஏற்றி வைப்பேன். ஏற்றுவது தொண்ணூறுகளில் பாக்ஸ்ப்ரோவில் எழுதப்பட்ட ஒரு டாஸ் புரோகிராமில். நீலத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எண்டர் தட்டினால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கார்பன் வைத்த சீட்டை அடித்துத் தள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

இங்கேதான் சிக்கல். 32 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து 16 பிட் டாஸ் புரோகிராம்களையும் ஓட்டும். 64 பிட் ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அதாவது நான் மாறினால் கம்ப்யூட்டர் மட்டும் மாறாது. கணக்குப் புரோகிராம் போகும். பேரலல் போர்ட்டில் மாட்டிய பிரிண்டர் போகும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் கோவில் கொடை நோட்டீஸ்கள் பிழைக்கும்; ஆனால் அவற்றை அடிக்க உதவிய கீபோர்டு புரோகிராம் எழுந்திருக்காது. கொடைக் கமிட்டிக்காரர்கள் வருஷா வருஷம் தேதியை மட்டும் மாற்றி அதே நோட்டீஸைக் கேட்பவர்கள். அவர்களிடம் போய் ‘ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது’ என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இதையெல்லாம் சொன்னேன். அக்கா மகன் அசரவில்லை. போனிலேயே வழிகாட்டி, தகுதிச் சோதனைப் புரோகிராம் ஒன்றை இறக்க வைத்தான். வந்த பதில்: இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும். அதாவது 2017-இலோ அதற்குப் பிறகோ வந்தது. 4 ஜி.பி. ராம் வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பல வீடுகளில் இந்தச் சில்லு வேலை பிராசசருக்குள்ளேயே இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும். தட்டி எழுப்பினால் போதும். என்னுடையதில் தட்டி எழுப்ப எதுவுமில்லை.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்.பி. ராம் போதும் என்றார்கள். இப்போது 4 ஜி.பி. கணக்குப் போட்டால் அறுபத்து நாலு மடங்கு. நான் கணக்கெழுதுகிறவன், அதனால் கேட்கிறேன்: உப்புக் கணக்கு இதற்கிடையில் அறுபத்து நாலு மடங்கு கஷ்டமாகிவிட்டதா? டன் அதே ஆயிரம் கிலோ. உப்புக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

இத்தனைக்கும் 2015 மே மாதம் சிகாகோ மாநாட்டில் ஜெர்ரி நிக்சன் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர் விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று பேசி, அது உலகமெல்லாம் செய்தியானது. ஆறே வருஷத்தில், 2021 அக்டோபரில், பதினொன்று வந்துவிட்டது. கடைசி என்று சொல்லப்பட்ட எதையும் நம்பாத வயதுதான் எனக்கு. ஆனாலும் கொஞ்சம் நம்பியிருந்தேன்.

பஜாரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியைக் கேட்டேன். அவன் சி.பி.யூ.வைத் திறந்து, உள்ளே பார்த்து, மரியாதையாக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான்.

“என்ன அண்ணாச்சி, இத வச்சா இன்னும் ஓட்டுதிய?”

“ஓடுதே.”

“போர்டு மாத்தணும் அண்ணாச்சி. போர்டு மாத்துனா ராம் மாத்தணும். ராம் மாத்துனா எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும். பொறவு மானிட்டருக்கு அந்தப் பின்னு இருக்காது.”

“அப்ப எதைத்தான் மாத்தாம விடலாம்?”

யோசித்தான். “மவுஸ் பேடு.”

குறுக்கு வழி இல்லையா என்றேன். இருக்கிறது, தகுதிச் சோதனையைத் தாண்டி உள்ளே நுழைய ஒரு ரெஜிஸ்ட்ரி வழியை மைக்ரோசாஃப்டே முன்பு வெளியிட்டிருந்தது. ஆனால் 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பிராசசரில் சில கட்டளைகள் இல்லையென்றால் விண்டோஸ் எழுந்தே வராது. அந்தக் கட்டளைகள் கோர் டூ டுவோவில் கிடையாது. முன்வாசல், பின்வாசல் இரண்டும் அடைப்பு.

மாற்றமே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். அளத்தில் வருஷா வருஷம் நடப்பதுதானே? ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் ஊறிக் கரைந்துவிடும். மழை விட்டதும் சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்கி, வரப்பைப் புதிதாகக் கட்டித்தான் அடுத்த பருவத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். அது அப்கிரேடுதான். ஆனால் அதைச் செய்யச் சொல்வது மழை. நன்றாக விளைந்துகொண்டிருக்கும் பாத்தியைப் பங்குனி வெயிலில் வந்து, ‘இதற்கு வயதாகிவிட்டது, இடி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் இருபத்து நாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. அவசரத்தில் பரணுக்குப் போனவை பத்திரங்கள், ரேஷன் கார்டு, என் சி.பி.யூ. தன் கிரைண்டரைக் கீழேயே விட்டதை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. அவ்வளவு பேர் அவ்வளவு இழந்த நேரத்தில் நான் இதைப் பற்றிப் பேசுவதே அழகில்லைதான். ஆனால் அதையும் தாண்டிப் பிழைத்த மெஷினுக்கு ஒரு தேதி குறித்து அனுப்பினால் மனசு ஒப்பவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பலம் இருக்கிறது. 2017 மே 12-இல் வான்னக்ரை என்ற வைரஸ் உலகத்தையே பூட்டிப் போட்டு மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல் துறையின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அதைத் தடுக்கும் ஒட்டு, அதாவது பேட்ச், மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்துவிட்டது; ஆனால் நம் ஏ.டி.எம்.கள் அதற்கு அப்புறமும் அதிலேயே ஓடின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி பிடரியைப் பிடித்து, ஒரு வருஷத்துக்குள் மாற்றுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. நான் கவலைப்பட்டிருக்க வேண்டியது என் கோர் டூ டுவோவுக்காக அல்ல, பஜார் ஏ.டி.எம்.முக்காக.

அக்கா மகன் விடுவானா? கூடுதலாக ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு ஒட்டுகள் வாங்கலாம் என்றான். முப்பது டாலர் கட்டலாம்; அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்தால் இலவசம். கணக்கு தொடங்க ஈமெயில், அதற்கு பாஸ்வேர்டு, அதை மறந்தால் போனுக்கு ஓ.டி.பி. பாக்கிப் பட்டியலை டைரியில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

லினக்ஸும் பரிசீலனைக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் மகளுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். திறந்தவுடன் ‘எது வேண்டும்’ என்று கேட்கும். அவள் படித்து முடிக்கும்வரை ஒரு நாள்கூட இரண்டாவதைத் தொட்டதாக நினைவில்லை. நல்லதைத்தான் கொடுத்தார்கள், அதை எப்படித் தொடுவது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வைக்கவில்லை. சர்வீஸ் தம்பி, “லினக்ஸ்ல டாஸ்பாக்ஸ் போட்டு உங்க பாக்ஸ்ப்ரோவ ஓட்டிறலாம், ஆனா பிரிண்டருக்கு நான் பொறுப்பில்ல” என்றான். பிரிண்டருக்கு யாராவது பொறுப்பேற்று நான் பார்த்ததில்லை.

கடைசியில் கொஞ்சப் பணத்துக்கு ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டுக்கொண்டேன். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். முன்பு ஆன் செய்துவிட்டுக் குளித்து வருவேன். இப்போது துண்டை எடுப்பதற்குள் எழுந்து நிற்கிறது. என்னைக் கேட்டால், வங்கி வேலை, ஆன்லைன் வேலை செய்கிறவர்கள் பதினொன்றுக்கு மாறுவதுதான் சரி. மெஷின் தாங்காவிட்டால் அதற்காகப் புதிதாகவும் வாங்கலாம். டைப் அடிக்கவும் கணக்கெழுதவும் மட்டும் வைத்திருப்பவர்கள் வயரைப் பிடுங்கினால் போதும்.

சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் வந்த அக்கா மகன், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்வையிட்டான். வயரைப் பிடுங்கியதில் திருப்தி.

“அப்ப பேங்க் வேலையெல்லாம் எதுல மாமா?”

“போன்ல.”

கொடுங்கள் என்று வாங்கி, செட்டிங்ஸுக்குள் போய் எதையோ தேடினான். முகம் மாறியது. “மாமா, இதுக்குக் கடைசி செக்யூரிட்டி அப்டேட் வந்தது 2021-ல.”

கம்ப்யூட்டருக்கு ஆதரவு முடிகிறது என்று பேப்பரில் போட்டான், டிவியில் சொன்னான். இந்தப் போனுக்கு முடிந்ததை யாரும் ஒரு வரி சொல்லவில்லையே என்று நான் ஆரம்பிப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, எனக்கும் அதே போன்தான். ரெண்டாப் பாரு.”

இரண்டாகப் பார்த்தான். எது நல்லது, எதற்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கேமரா நன்றாக இருக்க வேண்டும் என்று இடையில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. அதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிரைண்டரும் பட்டியலில் ஏறியது.