ஆணி அடித்தால் கணினிப் பாடமா?

கேள்வி: படிவம் 1 படிக்கும் என் மகன் ஸ்ட்ராபெர்ரித் தொட்டியில் இரண்டு ஆணிகளைக் குத்தி வைத்துக்கொண்டு, "கணினிப் பாடம்மா" என்கிறான். நம்பலாமா, ஐயா?
– ஒரு தாய், கோலா தெர்லா, கேமரன் மலை

பதில்: தாராளமாக நம்பலாம், அம்மா. ஆணிகளிலிருந்து போகும் கம்பி ஒரு சின்ன அட்டையில் முடிகிறதா? அது மைக்ரோபிட்டாக இருக்கலாம். 2016இல் பிரிட்டனில் பிபிசி ஏறக்குறைய 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த குட்டிக் கணினி; முகத்தில் 25 விளக்குகள். ஈர மண்ணில் மின்சாரம் சுலபமாகப் பாயும், காய்ந்த மண்ணில் திணறும். அந்த வித்தியாசத்தை அட்டை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். எண் இறங்கினால் "தண்ணீர் ஊற்று" என்று விளக்கு எரிய வைப்பதுதான் பையன் எழுதும் நிரல்.

நீங்களும் நிரலர்தான். "வெயில் வந்தால் துணியைக் காயப்போடு, தூறினால் உள்ளே எடு" என்று தினமும் கட்டளை போடுகிறீர்களே! கேமரன் மலைத் தூறலில் அந்த நிரல் நாளுக்குப் பத்து முறை ஓடும்.

நம் மலேசிய இடைநிலைப்பள்ளிகளுக்கு 2017இல் அடிப்படைக் கணினி அறிவியல் வந்தது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; செய்து பார்த்தால்தான் பாடம். காய்கறித் தோட்டத்து ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

ஒரே எச்சரிக்கை: மின்சாரம் ஓட ஓட ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். அன்று தொட்டியைப் பிடுங்காதீர்கள். "இது வேதியியல் பாடம்மா" என்பான்; அதுவும் உண்மைதான்!