கிலோ என்ன விலை, இந்தக் கட்டடம்?

ஆலையில் துண்டு துண்டாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, மனையில் போல்ட் போட்டுப் பூட்டி நிறுத்தும் எஃகுக் கட்டடத்துக்குப் பொறியாளர் வைத்த பெயர் பி.இ.பி. (ப்ரீ-எஞ்சினியர்டு பில்டிங்). ஊர் வைத்த பெயர் ஷெட். உரிமையாளர் வங்கியில் கடன் கேட்கும்போது முதல் பெயரையும், சொத்துவரி போட ஆள் வரும்போது இரண்டாவது பெயரையும் சொல்வது வழக்கம்.

இதன் தூண் பெரும்பாலும் அடி மெலிந்து தலை பெருத்திருக்கும். தூணும் கூரை உத்தரமும் சேரும் மூலையில்தான் வளைக்கும் விசை அதிகம். அங்கே இரும்பு தடிக்கிறது. மற்ற இடங்களில் மெலிகிறது. இந்தக் கட்டடத்தின் சிக்கனமே அதில்தான் இருக்கிறது. பார்வையிட வரும் மாமனார் மட்டும், தூண்களைத் தலைகீழாக நட்டுவிட்டார்கள் என்று கடைசிவரை நம்புவார்.

விலை இரண்டு வகையில் சொல்லப்படும்: கிலோ ரேட், சதுர அடி ரேட். கிலோவுக்கு விற்பவருக்கு எடை கூடினால் லாபம். சதுர அடிக்கு விற்பவருக்கு எடை குறைந்தால் லாபம். முன்னவரிடம் வாங்கினால் யானை வந்து நிற்கும். பின்னவரிடம் வாங்கினால் அதன் எலும்புக்கூடு வந்து நிற்கும். தாங்கவேண்டிய சுமைகள், ஒவ்வொரு பாகத்தின் தடிமன், மொத்த எடை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குவதே இரண்டுக்கும் மருந்து. 10 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ இருக்கும். யார் விற்றாலும் அது மாறாது என்பதால் எடையைச் சரிபார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.

அடுத்தது காற்று. ஐ.எஸ். 875 தரநூலின் மூன்றாம் பகுதி கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகம் குறிக்கிறது. 'பதினொன்றுதானே வித்தியாசம்' என்று கோவை மைத்துனர் ஷெட்டின் படத்தையே சென்னைக்குக் கொண்டுவருபவர் உண்டு. ஆனால் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 39 மீட்டருக்குச் சதுர மீட்டரில் சுமார் 913 நியூட்டன்; 50 மீட்டருக்கு 1,500. பின்னது ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். அதே பரப்பில் கூரை ஷீட்டின் எடையோ ஐந்து கிலோவை ஒட்டித்தான். காற்றுக்குக் கூரையை அமுக்குவதைவிடத் தூக்குவதில் ஆசை அதிகம். ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மைத்துனர் படத்துக் கூரை கார்த்திகைப் புயலில் பறந்து பக்கத்து மனையில் இறங்கலாம். அந்த மனைக்காரர் அதற்கு வாடகை கேட்பார்.

உயரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலைப்பட்டியலில் காணும் உயரம் பெரும்பாலும் கூரை விளிம்பின் உயரம். உத்தரத்தின் ஆழம் அதற்குக் கீழே தொங்கும். 6 மீட்டர் என்று நம்பி வாங்கிய இயந்திரம் தூணும் உத்தரமும் சேரும் மூலையில் இடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் 'உள் உயரம்' என்று தனியாக ஒன்று இருப்பது தெரியவரும். ஷீட்டும் அப்படித்தான். 0.50 மி.மீ. என்றால் பூச்சோடு சேர்த்தா, பூச்சு நீங்கலாகவா என்று கேட்கவேண்டும். பாலை அளக்கும்போது நுரையைத் தள்ளி அளக்கச் சொல்வதில்லையா?

பிறகு வருவது 'ஸ்கோப்', அதாவது எது யார் பொறுப்பு என்பது. இறக்குகூலி, கிரேன், அஸ்திவாரம், மழைநீர்க் குழாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று எதைக் கேட்டாலும் "அது உங்க ஸ்கோப் சார்" என்பதே பதில். விலைப்பட்டியலில் முதலில் படிக்கவேண்டியது கடைசிப் பக்கம். எவையெல்லாம் சேராது என்ற பட்டியல் அங்கேதான் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும்.

அஸ்திவாரம் உள்ளூர் மேஸ்திரியின் வேலை. இரும்பு வெளியூர் ஆலையின் வேலை. கான்கிரீட்டில் நிற்கும் போல்ட் ஒரு விரற்கடை விலகினாலும் தூணின் துளை அதில் இறங்காது. அன்றைக்கு மேஸ்திரி ஆலையைக் காட்டுவார்; ஆலை மேஸ்திரியைக் காட்டும்; உரிமையாளர் வானத்தைப் பார்ப்பார். கான்கிரீட் போடுமுன் துளையிட்ட தகட்டை வைத்து போல்ட்களை நிறுத்திவிட்டால் மூவருக்கும் வேலை மிச்சம்.

கடைசியில் கூரை. அதன் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழியும். தளர விட்டால் நீர் புகும். எப்படிப் புகுந்தாலும் முதல் சொட்டு முதலாளியின் மேஜைமேல்தான் விழும்.

மொத்தத்தில் இங்கே வாங்கப்படுவது இரும்பு அல்ல, படம். கையெழுத்துப் போடும்வரை பிழையை ரப்பரால் அழிக்கலாம்; போட்டபின் கேஸ் கட்டரால்தான் அழிக்கவேண்டும். ஆகவே விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் படத்தைக் காட்டிவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது. மாமனாரிடம் அதற்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.