மீன்முள்ளில் மாட்டிய யோனா

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில், 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்தின் சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கியதையடுத்து உதிரிபாக ஆலைகளும், அவற்றின் தொழிலாளர்களை நம்பிய வாடகை அறைகளும் பெருகின. அத்தகைய அறைகளில் ஞாயிறு மாலை நடக்கும் வேதபாட வகுப்புகளில் தவறாமல் தென்படும் ஒரு மனித வகையைத் ‘தரக்கட்டுப்பாட்டு பிரதர்’ எனலாம். வாரம் முழுவதும் பிரேக் பாகங்களில் குறை கண்டுபிடிக்கும் இவர், விடுமுறை நாளில் அதே பணியைத் தீர்க்கதரிசிகளிடம் தொடர்கிறார்.

வேதாகமத்தில் தீர்க்கதரிசி யோனாவின் புத்தகம் நான்கே அதிகாரம், 48 வசனம். இவருடைய குறிப்போ பதினெட்டுப் பக்கம். ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கு வருகிறது எனக் காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கழித்துப்போட்ட ஆய்வுத்தாளின் பின்புறத்தில் நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவால் இவர் வரைவது மீன்முள் வரைபடம். அதாவது, ஒரு கோளாறுக்கான காரணங்களை முதுகெலும்பும் முட்களுமாகப் பிரித்துக் காட்டும் ஆலைக் கருவி. தம்மை விழுங்கிய மீனைவிட்டு மூன்று நாளில் வெளியே வந்த யோனா, இதிலிருந்து மூன்று வாரமாகியும் வரவில்லை.

‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தை எட்டும் முறையையும் இவர் கையாள்கிறார். முறையில் பழுதில்லை: யோனா ஏறிய கப்பலைப் புயல் அடித்தது ஏன், கடவுள் அனுப்பிய ஊருக்குப் போகாமல் அவர் தர்ஷீசுக்கு ஓடியதால், ஓடியது ஏன், நினிவேக்குப் போக மனமில்லாததால், மனமில்லாதது ஏன், அந்த ஊரைக் கடவுள் மன்னித்துவிடுவார் என்று தெரிந்திருந்ததால். மூன்றாவது ‘ஏனி’லேயே விஷயம் முடிந்துவிட, மீதமுள்ள இரண்டை என்ன செய்வதென்று தெரியாமல் இவர் தவிப்பதும், கேட்ட கேள்விக்கெல்லாம் அடுத்தவர் வாய் திறக்குமுன் தாமே விடை சொல்லிவிடுவதும்தான் சிக்கல்.

இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தால், அப்போஸ்தலர் பவுல் நெடுநேரம் பேசியபோது தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகுவை நினைவூட்டுவார். அப்பகுதி பேசுகிறவருக்கும் எச்சரிக்கைதான் என்பதை எவரும் சொல்வதில்லை. அறை தரைத்தளம் என்பதால் சேதமுமில்லை.

“பிரதர், கடைசி வசனம் கேள்வியோட நிக்குதே, யோனா என்ன பதில் சொன்னாரு?” என்று ஏதேனும் ஒரு டிரெய்னி கேட்கும்போதுதான் வகுப்புக்கு உயிர் வருகிறது. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த புத்தகமான மீகா தொடங்கியிருக்கிறது. தூங்கியவர்களும் எழுந்து ஆளுக்கொரு பதில் சொல்லி அறையே அமளிப்படுகையில், பிரதர் மட்டும் அந்தக் கேள்வியை எந்த முள்ளில் எழுதுவது என்று வரைபடத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.