ஒரு டாலர் போதாமல் போனால்

கேள்வி: 'நியூயார்க் தென் ஜில்லா நீதிமன்றம்' என்று பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறதே, ஒரு ஜில்லா கோர்ட்டுக்கு ஏன் இத்தனை பிரக்யாதி?

பதில்: பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். ஐக்கிய அமெரிக்காவில் மாகாண நீதிமன்றங்கள் ஒரு வரிசையாகவும், சமஷ்டி சர்க்காரின் நீதிமன்றங்கள் மற்றொரு வரிசையாகவும், ஒரே தெருவில் குடியிருந்தும் அடுப்பைப் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போலத் தனித்தனியே நடந்து வர, அந்த இரண்டாவது வரிசையில் முதன்முதலாகச் சாட்சியை விசாரித்து, வேண்டுமிடத்தில் ஜூரியையும் கூட்டி, வழக்கைத் தீர்க்கும் ஸ்தலத்துக்கே ஜில்லா நீதிமன்றம் என்று பெயர். நாடு முழுவதற்குமாக 94 இருக்கின்றன. நியூயார்க்கினுடையது 1789 நவம்பர் 3ஆம் தேதி ஜேம்ஸ் டுவேன் என்ற நீதிபதியின் முன் கூடியபோது சுப்ரீம் கோர்ட்டே ஒருமுறைகூடக் கூடியிருக்கவில்லை. 1814இல் மாகாணம் வட ஜில்லா, தென் ஜில்லா என்று இரண்டான பிறகும், 'தாய் நீதிமன்றம்' என்ற பட்டத்தைத் தென்னவர்களே வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: அப்படியானால் எந்தத் தாவாவையும் அங்கே கொண்டுபோகலாமா?

பதில்: ஆசைதான்! சமஷ்டிச் சட்டத்தையோ, அரசியல் சாசனத்தையோ, அயல்நாட்டு உடன்படிக்கையையோ பற்றி எழுந்த வழக்கானால் கதவு திறக்கும். சமஷ்டிக் குற்றங்களுக்கும் கப்பல் வழக்குகளுக்கும் அப்படியே. இவை ஒன்றுமில்லாவிட்டால், வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாகாணத்துப் பிரஜைகளாக இருப்பதோடு, வழக்கின் தொகை 75,000 டாலருக்கு மேலும் இருக்க வேண்டும். 'மேலும்' என்பதைக் கவனியுங்கள்: சரியாக 75,000 டாலரோடு வருகிறவரை, ஒரு டாலர் போதாது என்று, மாகாணக் கோர்ட்டுக்கு வழிகாட்டி அனுப்பிவிடுவார்கள். 1789இல் இதே வாசற்படி 500 டாலர் உயரம்தான் இருந்தது. தம்பதிகள் இரண்டு மாகாணங்களில் பிரிந்து வாழ்ந்து, கோடிக்கணக்கில் சண்டையிட்டாலும், விவாகரத்தையும் ஜீவனாம்சத்தையும் தீர்க்க இந்த வழியில் இடமில்லை.

கேள்வி: இரு கட்சிக்காரரும் 'எங்களுக்குச் சம்மதம்' என்று எழுதிக்கொடுத்தால்?

பதில்: சம்மதம் கல்யாணத்துக்குப் போதும்; இங்கே போதாது. இவ்வகை வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியை, யாரும் எழுப்பாவிட்டாலும் நீதிபதியே எழுப்பியாக வேண்டும்; தீர்ப்பாகி அப்பீலுக்குப் போன பிறகு இல்லையென்று தெரிந்தால், அத்தனை நாள் உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

கேள்வி: ஆறு என்றீர்கள். இந்தக் கோர்ட்டின் எல்லை எதுவரை?

பதில்: மன்ஹாட்டன், பிராங்க்ஸ், வடக்கே இன்னும் ஆறு கவுண்டிகள். புரூக்ளின் கிழக்கு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் மன்ஹாட்டனுக்கும் பிராங்க்ஸுக்கும் உட்பட்ட நீர்ப்பரப்பை மட்டும் இரு ஜில்லாக்களுக்கும் பொதுவாகச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. படகில் ஏறிச் சண்டை போடுகிறவருக்கு நீதிமன்றத்துக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: அங்கே நின்ற விசித்திரமான பிரதிவாதி யார்?

பதில்: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவல். ஆபாசமென்று சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தபோது, சர்க்கார் அந்தப் புத்தகத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. ஜான் உல்ஸி என்ற நீதிபதி, வாய் திறவாத அந்தப் பிரதிவாதியை முதலிலிருந்து கடைசிவரை முழுதும் படித்துப் பார்த்துவிட்டு, ஆபாசமில்லை என்று 1933 டிசம்பரில் தீர்ப்பளித்தார். நம் மதிப்புரையாளர்களையும் இவ்வாறே படிக்கும்படி உத்தரவிட எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.