மூன்று வரி ஃபைலுக்கு எத்தனை முதலாளிகள்!

எங்கள் ஆபீஸில் எது ஓடாவிட்டாலும் அதற்கு ஒரே பெயர்தான்: 'நெட் இல்லை'. பிரிண்டர் மக்கர் செய்தால் நெட் இல்லை. பில்லிங் சாஃப்ட்வேர் உறைந்து நின்றால் நெட் இல்லை. ஒருமுறை ஏசி குளிராததற்கும் இதே புகார் வந்தது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான் என்பதால், மெக்கானிக்குக்கும் நானே போன் போட்டேன்.

உண்மையில் நெட் போவது அபூர்வம். போவது பெயர் தேடல்தான். கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணை அடித்துப் பிங் செய்தால் பதில் சரசரவென்று வந்து விழும். அதே கூகுளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அப்படி யாரையும் தெரியாதே என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கும். தெரு திறந்துதான் கிடக்கிறது, போக வேண்டிய வீட்டின் கதவு எண்தான் தெரியவில்லை. இந்த வித்தியாசத்தை அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு விளக்கிப் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, பேங்க் பேஜ் வருதா வரலையா, அத மட்டும் சொல்லு."

"வரலக்கா."

"அப்ப நெட் இல்லைன்னுதானே அர்த்தம்?"

இதற்கு எதிர்வாதம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்த விவகாரம் ரொம்ப எளிமையாக இருந்தது. 1970களில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயர்ப் பட்டியல். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. உங்கள் கம்ப்யூட்டருக்குப் பெயர் வேண்டுமா? அவர்களைத் தொடர்புகொண்டு சொன்னால் பட்டியலில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் அதை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் இது கட்டுப்படியாகவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற பெயர் தேடும் அமைப்பை வடிவமைத்து, பட்டியலை உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்தார். அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பு. பிரமாதமான ஏற்பாடுதான். பழையதில் ஏதாவது தப்பென்றால் திட்டுவதற்கு ஒரு முகவரி இருந்தது, இதில் அது இல்லை, அவ்வளவே.

பழைய பட்டியலும் ஒழிந்துவிடவில்லை. ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் எட்சி ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் எட்சி என்று புதைத்து வைத்திருக்கிறார்கள். டிரைவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பெயர் தேடும்போது பொதுவாக முதல் மரியாதை இந்த ஃபைலுக்குத்தான். இங்கே விடை கிடைத்தால் டிஎன்எஸ் பக்கமே போகாது. எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் சோதனைக்காக இதில் ஒரு வரி எழுதினார். அவர் ராஜினாமா செய்து, கல்யாணம் முடித்து, ஆஸ்திரேலியா போய்க் குடியேறிய பிறகும், அந்த வரி எங்கள் பில்லிங் சைட்டைப் பழைய சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

சரி, ஹோஸ்ட்ஸில் இல்லை, வெளியே யாரைக் கேட்பது? அதைச் சொல்வதுதான் லினக்ஸின் ரிசால்வ் டாட் கான்ஃப் என்ற ஃபைல். (ரிசால்வ் என்பதன் கடைசி 'ஈ' இந்தப் பெயரில் கிடையாது. இலக்கண சுத்தமாக ஈயைச் சேர்த்து எழுதினால் புது ஃபைல் ஒன்று உருவாகும். அதை ஒருவரும் படிக்க மாட்டார்கள்.) மொத்தமே இரண்டு மூன்று வரிதான். அதில் எத்தனை மூடநம்பிக்கை!

முதலாவது, நிறைய டிஎன்எஸ் சர்வர்களை எழுதினால் நிறையப் பாதுகாப்பு என்பது. கூகுளின் 8.8.8.8, 8.8.4.4, பிறகு 2018 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று அறிவிக்கப்பட்டும் நிஜமாகவே வந்த 1.1.1.1, எதற்கும் இருக்கட்டுமென்று 9.9.9.9. நான்கு தெய்வத்தையும் வேண்டியாயிற்று. ஆனால் லினக்ஸ் மூன்றுக்கு மேல் படிக்காது. நான்காவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், ஒரு எச்சரிக்கைகூடத் தராது.

இரண்டாவதுதான் எங்கள் ஆபீஸைப் படுத்திய நம்பிக்கை. முதல் சர்வருக்குத் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். கேட்காது. பொதுவாக முதல் சர்வர் வாயே திறக்காவிட்டால்தான் அடுத்தது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று முதலாமவர் சொல்லிவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், தேடல் அங்கேயே முடிந்தது. எங்கள் வருகைப் பதிவு மெஷினின் பெயர் ஆபீஸுக்குள் இருக்கும் சர்வருக்கு மட்டுமே தெரியும். 'வேகமா இருக்கும்' என்று யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு ஒரு புண்ணியவான் 8.8.8.8-ஐ முதல் வரியில் போட்டுவிட்டார். கூகுளிடம் போய் எங்கள் வருகைப் பதிவு மெஷினைப் பற்றி விசாரித்தால் அது என்ன சொல்லும்? தெரியாது என்றது, மிக வேகமாக.

சரி, முதல் சர்வர் செத்தே கிடந்தால்? வழக்கமான அமைப்பில் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். அடுத்த பெயருக்கு, மறுபடியும் முதலிலிருந்து. சற்று முன்புதான் அங்கே பதில் வரவில்லை என்பது அதற்கு நினைவிருக்காது. ஒரு பேங்க் பேஜ் திறக்கப் பத்துப் பன்னிரண்டு பெயர்களைத் தேட வேண்டியிருக்கும். அக்கா காபி குடித்துவிட்டு வந்து "இன்னிக்கு நெட் ஸ்லோ" என்பார். அவர் மொழியில் இது ஒரு முன்னேற்றம்.

இந்த ஃபைலைத் திருத்துவதுதானே, இரண்டு நிமிஷ வேலை என்று தோன்றும். திருத்தலாம். ஆனால் இந்த மூன்று வரிக்கு இருக்கிற முதலாளிகளை எண்ணிப் பாருங்கள். ரூட்டரிடமிருந்து முகவரிகளை வாங்கிவரும் டிஹெச்சிபி ஒன்றை எழுதும். நெட்வொர்க் மேனேஜர் அதை அழித்துத் தன்னுடையதை எழுதும். விபிஎன் வந்தால் அது எழுதும். போகும்போது பழையபடி வைத்துவிட்டுப் போனால் நம் அதிர்ஷ்டம். உபுண்டு 18.04-க்குப் பிறகு நிலவரம் இன்னும் அழகு. ஃபைலைத் திறந்தால் 127.0.0.53 என்று ஒரே முகவரி. அது யார் என்று பார்த்தால், இதே கம்ப்யூட்டர்தான். யாரைக் கேட்கட்டும் என்றால் 'என்னையே கேள்' என்கிறது! உள்ளே சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்றொரு சேவை உட்கார்ந்துகொண்டு, வெளி சர்வர்களின் முகவரியைத் தன்னிடமே வைத்திருக்கிறது. நாம் திறந்தது அசல் ஃபைலே இல்லை, வேறொரு இடத்துக்குப் போகும் இணைப்பு. அந்த இடமும் மெமரியில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் நாம் எழுதியது எல்லாம் போச்சு. இதில் கை வைக்காதே என்று ஃபைலின் தலையிலேயே எழுதியும் இருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் சீனியர் ஒருவர் இதற்கெல்லாம் மசிகிறவர் இல்லை. அக்காவின் லேப்டாப்பில் அந்த இணைப்பை அழித்தார், சாதாரண ஃபைல் ஒன்றை உருவாக்கி ஆபீஸ் சர்வரின் முகவரியை எழுதினார், சாட்டர் பிளஸ் ஐ என்று ஒரு கட்டளை போட்டார். இந்தத் தடையை எடுக்கும்வரை, சர்வ அதிகாரமும் உள்ள ரூட் கணக்கே வந்தாலும் அந்த ஃபைலை மாற்ற முடியாது. "இனி எவனும் மாத்த முடியாதுப்பா" என்றார். சொன்னபடியே நடந்தது. அக்கா லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அங்கே ஆபீஸ் சர்வர் எட்டாததால் ஒரு பெயரும் திறக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன். ரூட்டாக நுழைந்து திருத்தினால் 'அனுமதி இல்லை' என்கிறது. ரூட்டுக்கே அனுமதி இல்லையென்றால் வேறு யாருக்கு ஐயா இருக்கிறது? ஃபைலின் பண்புகளைக் காட்டும் எல்எஸ்அட்டர் போட்டுப் பார்த்தபோதுதான் ஓரத்தில் அந்த 'ஐ' சாதுவாக நின்றது.

பெயர் தேடலில் எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்க டிக் என்றொரு கருவி உண்டு. நிபுணர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். ஆனால் அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது, நேரே சர்வரைக் கேட்கும். பிங் ஹோஸ்ட்ஸைப் பார்க்கும். பிரவுசரில் மறைகுறியாக்கிய டிஎன்எஸ் இயங்கினால் அது நம்மை மதிக்காமல் தனக்குப் பிடித்த சர்வரிடம் போகும். ஒரே பெயர், ஒரே கம்ப்யூட்டர், மூன்று விடை. கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று கேட்டால்தான் லினக்ஸ் உண்மையில் எந்த முகவரிக்குப் போகப் பார்க்கிறது என்பது வெளியே வரும். இதை ஏன் யாரும் முதலில் சொல்லிக்கொடுப்பதில்லையோ!

பெரிய இடத்திலும் இந்தக் கதை நடக்கும் என்பது ஓர் ஆறுதல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் உள் நெட்வொர்க் அறுந்து, அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்தது. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் உலகத்துக்கு ஃபேஸ்புக் என்ற பெயரே தெரியவில்லை, வாட்ஸாப்பும் கூடவே போயிற்று. நமக்கு அப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல். எங்கள் குடும்பக் குழுவில் குட்நைட் ரோஜா வராத ஒரே இரவு அதுதான்.

கடைசியாக, எங்கள் மேனேஜர். கம்பெனிக்குப் புது சைட் ஒன்று தயாரானது. பெயரை டிஎன்எஸ்ஸில் இன்னும் ஏற்றவில்லை, மதியம் ஏற்றுவோம் என்று சொல்லியிருந்தேன். சாருக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்தே பிரவுசரில் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இல்லை' என்ற பதிலையும் சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை அந்த டொமைனின் எஸ்ஓஏ பதிவில் இருக்கும் எண் தீர்மானிக்கும். இதற்கான விதியை 1998இலேயே எழுதிவிட்டார்கள். அந்த நேரம் முடிந்து சார் மறுபடி கேட்ட ஒவ்வொரு முறையும் 'இல்லை' புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மதியம் பெயரை ஏற்றினேன். வாடிக்கையாளர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சினன் பார்த்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் ஆபீஸில் மட்டும் சாயங்காலம் வரை வரவில்லை.

"என்னய்யா இது, ஊரே பாக்குது, மேனேஜர் பாக்க முடியலியே?"

"சார், நீங்க காலைல கேட்டதாலதான் சார்."

அவர் நம்பவில்லை. நெட் இல்லை என்றே முடிவு செய்தார்.

ஆகவே அன்பர்களே, ரிசால்வ் டாட் கான்ஃபைத் தொடுமுன் எல்எஸ் மைனஸ் எல் போட்டு அது இணைப்பா, அசலா என்று பாருங்கள். இணைப்பு என்றால் அதன் முதலாளியைக் கண்டுபிடித்து அங்கே மாற்றுங்கள். புது சைட்டின் பெயரை டிஎன்எஸ்ஸில் ஏற்றி, டிக் போட்டு உறுதி செய்த பிறகு மட்டும் மேனேஜரிடம் சொல்லுங்கள்.