கவனிப்பு

ஜப்பானில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் கூடி, ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். முதல் கணக்காக 13-இலிருந்து 9-ஐக் கழிக்கச் சொல்வதா, 12-இலிருந்து 7-ஐயா என்கிற வழக்குக்கே ஒரு சாயங்காலம் போய்விடும். பிறகு ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஓரமாக நின்று பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று பெயர். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற ஆய்வாளர்கள் இதைப் பற்றிப் புத்தகம் போட்ட பிறகு அமெரிக்காவும் இதைப் பிடித்துக்கொண்டது.

நம்மூரில் ‘கவனிப்பு’ என்றாலே வேறு பொருள். வகுப்பைக் கவனிக்க வருகிறவரை வடை, டீயோடு நன்றாகக் கவனித்து அனுப்பிவிடுவோம்.

ஒருமுறை பக்கத்து வகுப்பைப் பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்கள். வாசலில் நின்றதுமே டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“என்ன சார், எச்.எம். கூப்பிடுறாங்களா?”

“இல்ல டீச்சர், சும்மா உங்க பாடத்தைப் பாக்கலாம்னு...”

முகம் மாறிவிட்டது. “யாரு சார் கம்ப்ளைன்ட் குடுத்தது?”

படிவத்தில் ‘மேம்படுத்த வேண்டியவை’ என்ற கட்டத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதினேன். மறுவாரம் என் வகுப்புக்கு வந்து அவரும் அதையே எழுதினார். நாகரிகம் தெரிந்தவர்.

நாற்காலி இரவல் கேட்கப் போன இன்னொரு நாள்தான், அவர் பத்துப் பத்தாக ஈர்க்குச்சிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கழித்தலில் கடன் வாங்கும்போது ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டுவதைப் பார்த்தேன். நாற்காலியை மறந்துவிட்டு ரப்பர் பேண்டோடு திரும்பினேன்.