ஜாம்பி அண்ணாச்சி

எந்த வாசகர் வட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். குடும்ப நாவல் பேசினால் கொட்டாவி, கவிதை என்றால் கைக்கடிகாரம். செத்தவன் எழுந்து நடக்கிற கதை என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். எங்கள் வட்டத்தில் அவருக்கு ஜாம்பி அண்ணாச்சி என்று பேர். பாளையங்கோட்டைக்காரர். சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு இன்னும் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

அவருடைய வேதம் மாக்ஸ் புரூக்ஸ் 2006-ல் எழுதிய 'வேர்ல்டு வார் இசட்'. ஜாம்பிப் போர் ஓய்ந்தபின், ஐ.நா.வுக்கு அறிக்கை எழுதிய ஒருவர், பிழைத்துக் கிடந்தவர்களை நாடு நாடாகத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய கதைகள். சீனத்து டாக்டர் ஆரம்பித்து வைப்பார். அப்புறம் அமெரிக்கச் சிப்பாய், நீர்மூழ்கிக் கப்பல்காரர், நாகசாகி குண்டில் கண்ணை இழந்த ஜப்பானியத் தோட்டக்காரர் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே போவார்கள். குஜராத்தில் கப்பல் உடைக்கிற அலங் கடற்கரையும் உண்டு.

வேதம் என்றேனே தவிர, அதை அண்ணாச்சி புகழ்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த ஜாதி வாசகரின் லட்சணமே அதுதான். பத்துத் தடவை படிப்பார், பதினோரு குறை சொல்வார்.

2013-ல் பிராட் பிட் நடித்து வந்த படத்தைப் பற்றி அவர் எதிரில் பேசிவிடக் கூடாது. புத்தகத்தில் ஜாம்பி தள்ளாடித் தள்ளாடி வரும். படத்தில் ஓடிவரும். "மூச்சே இல்லாதவன் எப்படிவே இந்த ஓட்டம் ஓடுவான்?" என்று, ஏதோ அவரைத்தான் துரத்திய மாதிரி மூச்சு வாங்குவார்.

இதே புரூக்ஸ் 2003-ல் ஜாம்பியிடமிருந்து தப்பிக்க ஒரு கையேடும் எழுதியிருக்கிறார். மாடிக்கு ஏறிக்கொண்டு படிக்கட்டை இடித்துவிடு என்பது அதில் ஒரு யோசனை. அண்ணாச்சி வாடகைக்கு இருப்பது முதல் மாடி. ஒருநாள் அவர் குனிந்து படிக்கட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஹவுஸ் ஓனர் பார்த்துவிட்டார். "என்ன சார், விரிசல் ஏதாவது விட்டிருக்கா?" என்று பதறிக்கொண்டு வந்தாராம். "இல்ல, நல்லாத்தான் கெட்டிருக்கிய" என்று அண்ணாச்சி சொன்னதில் இருந்த வருத்தம் அந்த மனுஷருக்கு எங்கே புரிந்திருக்கப் போகிறது?

குளிர் நாட்டில் பனிக்காலம் வந்தால் ஜாம்பிகள் விறைத்து நின்றுவிடும் என்று புத்தகத்தில் வரும். அதைப் படித்ததிலிருந்து அவருக்குச் சென்னை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. "மார்கழியிலயே ஃபேன் போடுத ஊரு. இங்க எங்கவே விறைக்கும்?"

ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய வழக்கு வேறு. "இத்தன பேரு பேசுதான். டாக்டரும் அதே மாதிரி, சிப்பாயும் அதே மாதிரி. எல்லாவனும் ஒரே வாய வச்சிக்கிட்டுலா பேசுதான்!"

இந்தக் குறையை நிறையப் பேர் சொல்வதுண்டு, நியாயமும் உண்டு. நான் வேண்டுமென்றே எதிர்க்கட்சி ஆடுவேன். "எழுதினது பேட்டி எடுத்தவர்தானே அண்ணாச்சி? நம்ம பேப்பரைப் பாருங்க, விவசாயியும் 'வேதனை தெரிவித்தார்', மந்திரியும் 'வேதனை தெரிவித்தார்'." ஒலிப்புத்தகத்தில் அந்தச் சிப்பாய்க்குக் குரல் கொடுத்தது 'ஸ்டார் வார்ஸ்' மார்க் ஹாமில், ஆளுக்கு ஒரு நடிகர் வைத்துத் தீர்த்துவிட்டார்களே என்றும் சொல்லிப் பார்த்தேன். "கூலிக்கு வாய் புடிச்சா எழுதுனவன் எதுக்கு?" என்றார். அதோடு நான் டீயைக் குடித்தேன்.

போன மாதம் இரவல் வாங்கியபோதுதான் அவருடைய பிரதியைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொருவர் பேச ஆரம்பிக்கிற இடத்திலும் ஓரத்தில் பென்சில் குறிப்பு. சீனத்து டாக்டருக்கு 'கொங்கு'. சிப்பாய்க்கு 'மெட்ராஸ், ராயபுரம் பக்கம்'. நீர்மூழ்கிக்கு 'நாஞ்சில்', அடித்துவிட்டு 'தூத்துக்குடி'. கண் தெரியாத தோட்டக்காரருக்கு மட்டும் 'தஞ்சாவூர், மெதுவா' என்று எழுதி அடிக்கோடு. மனுஷர் சத்தமில்லாமல் தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறார்!

அடுத்த கூட்டத்தில் விடவில்லை. மொட்டைமாடியில் எல்லோரும் நச்சரித்து, நோட்டை எடுத்து வாசிக்க வைத்தோம். கண்ணாடியைத் துடைத்தார், தொண்டையைக் கனைத்தார். கொங்கு நாட்டு டாக்டர் வாயைத் திறந்தார்.

"ஏல, அந்தப் பய கையில கடிபட்ட தடம் இருந்துச்சில்லா..."

ராயபுரத்துச் சிப்பாய் வந்தார். அவரும் "என்னத்தச் சொல்லுததுக்கு?" என்றார். நீர்மூழ்கி, "தண்ணிக்குள்ள கெடந்தோம்லா" என்றது. கடைசியில் தஞ்சாவூர்த் தோட்டக்காரர், மெதுவாக, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "கண்ணு தெரியாதுன்னா என்னவே?" என்று கேட்டார்.

அண்ணாச்சி நோட்டை மூடிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாத்தியளா, ஆளுக்கு ஆள் எப்படி மாறுது!"